ரிப்போர்ட்டை விடுங்கள், நிமிடத்தைச் சொல்லுங்கள்

ரத்தப் பரிசோதனையில் ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. முடக்குவாதமா? (முலுண்ட் வாசகர்)

மூட்டு வீங்கியிருக்கிறதா, வலிக்கிறதா, ஒரு வார்த்தை எழுதவில்லை. வெறும் ரிப்போர்ட்டை வைத்து நான் என்ன ஜோசியமா பார்ப்பது? வியாதியே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு நாலைந்து பேருக்கு இது பாசிட்டிவாக வரும். காலையில் விரல் விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது? அரை மணிக்கு மேல் என்றால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. ஸ்டேஷன் படி ஏறினால் முழங்கால் வலி. காலை விறைப்பு பத்து நிமிடம். (டோம்பிவிலி)

நிமிடத்தை எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், நன்றி. பெரும்பாலும் தேய்மானம். உடம்பு கனம் என்றால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறையும். தொடைத் தசைக்குப் பயிற்சி அவசியம்.

முடக்குவாதத்துக்குத் தந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் போட்டால் சீக்கிரம் கேட்குமா?

ஐயோ, வேண்டாம். வாரத்தில் ஒரே நாள். தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனதுண்டு. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

ஊரிலிருந்து தம்பி ஒரு பவுடர் அனுப்புகிறான். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. டாக்டர் மாத்திரையை நிறுத்தலாமா? (தாராவி)

"மூன்றே நாளில்" என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். முடக்குவாத அழற்சியை அவ்வளவு வேகமாக அடக்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். நாங்களும் கொடுக்கிறோம், மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கும் வரை, சில வாரத்துக்கு, அளவு பார்த்து. பொட்டலத்தில் அளவு ஏது, முடிவு தேதி ஏது?

போன மழைக்காலத்தில் ஒரு அம்மா பெருங்காய டப்பாவைத் திறந்து என் மேஜையில் கவிழ்த்தார். செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள், பேர் இல்லை, ஊர் இல்லை. முகம் பூரியாக உப்பியிருந்தது, கையில் தொட்ட இடமெல்லாம் நீலம், சர்க்கரை 300. "மூலிகைதான் டாக்டர், இங்கிலீஷ் மருந்தே இல்லை" என்றார். பயந்துபோய் அவராகவே சட்டென்று நிறுத்தினார். நாலாம் நாள் ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்திருக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன்: பவுடரை இப்படியே நீட்டிக்கொண்டு போகாதீர்கள், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். பொட்டலத்தோடு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். பழைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்புறம், தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.

யூரிக் ஆசிட் 7.4. வலி வந்ததே இல்லை. மாத்திரை?

கல்லடைப்பும் இல்லையென்றால் வேண்டாம். பீரைக் குறையுங்கள்.

தக்காளி, புளியை நிறுத்தவா?

ரசத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், அது முடக்குவாதத்தை வளர்க்கும், மருந்தையும் மழுங்கடிக்கும்.

மூட்டு வலி. என்ன செய்ய?

எந்த மூட்டு, எத்தனை நாளாக, காலையில் எத்தனை நிமிடம்? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.