மெலோடிராமா (இசையோடு கூடிய உணர்ச்சி நாடகம்) என்பது வெறும் மிகை நடிப்புத்தானா? கிழக்கிலங்கையின் மரபு நாடகமான எங்கள் மட்டக்களப்புக் கூத்தையும் அந்த வகையில் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்ட இவ்விரு கேள்விகளுக்கும் என் பதில் 'இல்லை' என்பதே. கண்ணீரும் பாட்டும் மெலோடிராமாவிலும் கூத்திலும் நிறைந்திருப்பதால் இக்குழப்பம் நேர்கிறது.

மெலோடிராமா தனியொரு நாடக வகையாக உருப்பெற்றது பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த பாரிஸ் நகரத்தில். 1800ஆம் ஆண்டு மேடையேறிய பிரெஞ்சு நாடகாசிரியர் பிக்செரேகூரின் 'கோலினா' என்ற நாடகத்தில் நாயகியின் உண்மையான தந்தை வாய்பேச இயலாதவர். தனக்கு நேர்ந்த கொடுமையை அவர் சைகையால் உணர்த்த, இசை அவருக்குத் துணைநிற்கிறது. குற்றமற்றவரின் உண்மை மறைந்து கிடந்து, முடிவில் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்பட வேண்டும் என்பதே இவ்வகையின் உயிர்நாடி. அரசும் திருச்சபையும் ஆட்டங்கண்டிருந்த அக்காலத்து மக்களுக்கு, நல்லவர் யார், தீயவர் யார் என்று கண்ணாரக் கண்டு தெளியும் இடமாக அரங்கு அமைந்தது. இதை மலிவான கலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இலண்டனில் உரிமம் பெற்ற சில அரங்குகளே வசன நாடகம் நடத்தலாம் என்றிருந்த சட்டம் 1843 வரை நீடித்ததால், ஏனைய அரங்குகளுக்கு இசை தவிர்க்க முடியாத தேவையாகவும் இருந்தது.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று 1952இல் வெளியான 'பராசக்தி'. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் தன் தங்கை என்பதை நீதிபதி அறிந்துகொள்ளும் அந்த நீதிமன்றக் காட்சியில், மறைந்திருந்த உண்மை ஊரறிய வெளிப்படுகிறது.

கூத்தின் இயல்பு வேறு. கூத்தின் ஒரு வகையான வடமோடியில், பாரதக் கதையான 'பதின்மூன்றாம் போர்' ஆடும்போது அபிமன்யு மடிவான் என்பது வட்டக்களரியை, அதாவது வட்டமான ஆடுகளத்தைச் சுற்றியிருக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அங்கே வெளிப்பட வேண்டிய இரகசியம் எதுவும் இல்லை. புலம்பலின் ஓர் அடியைக் கூத்தர் பாடி முடித்ததும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கித் திருப்பிப் பாட, மத்தளத்துக்கும் சல்லரி என்னும் தாளக் கருவிக்கும் இசையக் கூத்தர் ஆடத் தொடங்குகிறார். இவ்வாறு துயரம் ஒருவருடைய அழுகையாக நின்றுவிடாமல் களரி முழுவதற்கும் உரியதாகிறது. துரியோதனனும் தருமனைப் போலவே முடிதரித்து, தன் வருகையை அறிவிக்கும் வரவுப் பாட்டோடும் தனக்குரிய தாளக்கட்டோடும் களரிக்கு வருகிறான். அவனை வெறும் வில்லனாக்கிச் சிறுமைப்படுத்தும் வழக்கம் நம்மிடம் இல்லை.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, பார்வையாளர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, பாத்திரங்களின் உள்ளுணர்ச்சியை நடித்துக் காட்டுவது முன்னிலும் முக்கியத்துவம் பெற்றது. உங்கள் ஐயம் அத்தகைய ஆற்றுகையைப் பார்த்து எழுந்திருந்தால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் அந்த வரிசையில் வந்த 'இராவணேசன்' கூட, இராவணனைத் தன் அழிவை நோக்கி நடக்கும் துன்பியல் நாயகனாகவே நிறுத்தியது; மெலோடிராமாவின் அளவுகோல் அவனுக்குப் பொருந்தாது.