எண்ணூர்ப் பறவைகளும் படிவம் 6-உம்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். மரம், பறவை, கடல் என்று நீங்கள் எழுதினால் இரண்டு முறை படிப்பேன். அரசியல் எழுதினால் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். டி.வி.யைப் போட்டால் கூட்டணி, போனைத் திறந்தால் கூட்டணி. வீட்டில் அப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. பொங்கலன்று இலை போட்ட இடத்திலேயே சண்டை. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே எம்.எல்.ஏ.வாக இருந்த ஆர்.கே. நகர் தொகுதி எங்களுடையது. அப்போதும் மணலி ஆலைகள் பக்கமிருந்து இதே நாற்றம்தான் வந்தது.

வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது. வீடு மாறியதில் கணக்கெடுப்புப் படிவம் கைக்கு வரவில்லை. நல்லதாகப் போச்சு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்விடுகிறேன். வாரத்தில் எனக்கு நிம்மதி அங்கே நிற்கும் நேரம்தான். நீங்களும் பறவையைப் பற்றி மட்டும் எழுதுங்களேன். அதில் எந்தக் கட்சியும் கிடையாது.

பி.கு.: கறுப்பு வெள்ளை உடம்பு, அலகு மெலிந்து மேல்நோக்கி வளைந்திருக்கிறது. என்ன பறவை அது?

கே.,
தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

முதலில் பறவை. அது கோணமூக்கு உள்ளான். குளிர்காலத்தில் நம் பக்கம் வரும். அலகின் வளைந்த பகுதியைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். அதில் தட்டுப்படும் சின்னப் பூச்சியும் புழுவும்தான் அதற்கு இரை. அடுத்த முறை பார்க்கும்போது தலையை மட்டும் கவனியுங்கள். நெல் தூற்றுகிறவரின் கை போகிற மாதிரி நிதானமாகப் போய் வரும்.

அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வடசென்னையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதன் அருமை தெரியும். இங்கே பச்சையும் நீலமும் தேடிப் போனால்தான் கிடைக்கும். எண்ணூரில் தண்ணீர் வற்றி இறங்குகிற காலை நேரத்தில் இருளர் பெண்கள் ஆற்றில் இறங்கி இறால் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்வார்கள். பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். இறால் கையில் சிக்கியதும் தலையைச் சற்றுச் சாய்த்துப் பறிக்குள் போடுவார்கள். அவர்களுக்கு நாலடி பின்னால் ஒரு சின்னக் கொக்கு நடந்து வரும். கை கலக்கிவிட்ட சேற்றிலிருந்து துள்ளுவதெல்லாம் அதற்கு. அந்த அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கொக்கும் அவரைக் கண்டு ஒதுங்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். எனக்கு அலுத்ததில்லை.

ஆனால் அதில் கட்சி கிடையாது என்று சொன்னீர்களே, அங்கேதான் உங்களோடு நான் ஒத்துப்போக முடியவில்லை. கட்சி இல்லை, சரி. அரசியல் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து அதே முகத்துவாரத்தில் படிந்ததே, அப்போது நீங்கள் போயிருந்தீர்களா? கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு பறக்கத் தடுமாறின. வலை, படகு, அலையாத்திச் செடியின் வேர் எல்லாம் கறுப்பு. மீனவர்கள் வாளியையும் மக்கையும் வைத்துக்கொண்டு எண்ணெயைக் கையால் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் வாளியால்தான் அள்ளினார்கள். நடுவில் ஏறக்குறைய ஏழு வருடம் போயிருக்கிறது, வாளி மாறவில்லை. எண்ணெயை அள்ளி முடிப்பதற்குள், அதே டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். எங்கே எந்த ஆலை வரலாம், அதன் குழாயை யார் சோதிக்க வேண்டும், சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு முடிவு செய்கிறார். அந்தக் கையெழுத்தின் கீழேதான் உங்கள் கோணமூக்கு உள்ளான் நிற்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. மெரினாவுக்குப் போனால் மணலைக் கடந்து கடலைத் தொடுவதற்குள் கால் வலிக்கும். ராயபுரத்திலிருந்து வடக்கே வந்தால் கால் வைக்க மணல் இருக்காது, பாறாங்கல்தான் கொட்டிக் கிடக்கும். இயற்கை அப்படிப் பிரித்துக் கொடுத்துவிடவில்லை. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கினார்கள். வந்த மணல் சுவரின் தென்பக்கமே தங்கி மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. அலை மட்டும் வந்தது. காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களில் எத்தனையோ வீடுகள் கடலுக்குப் போயின. அந்த நாளில் நம் ஜனங்களுக்கு ஓட்டுக் கிடையாது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்த ஒரு முடிவுக்கு இன்னும் வருடா வருடம் கல் கொட்டிக்கொண்டிருக்கிறோம். ஓட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கரைதான் நினைவுக்கு வருகிறது.

முதலமைச்சர் தொகுதியாக இருந்தும் காற்று மாறவில்லை என்கிறீர்கள். உண்மைதான், அந்தக் கோபம் நியாயமானது. ஒரு எம்.எல்.ஏ. மாறினால் புகைபோக்கி அணைந்துவிடாது. ஓட்டு மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஓட்டு இருப்பதால்தான் மற்றது நடக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். மீனவக் கிராமங்கள் எதிர்த்துக் கிளம்பின. கூட்டம் தள்ளிப்போனது. சில மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். பழவேற்காட்டுப் பக்கத்து வலைக்காரர்களின் பேச்சு பிரசார மேடைக்கு வந்தது. தேர்தல் பக்கத்தில் வரும்போது ஆள்கிறவர்களுக்கும் ஆள வருகிறவர்களுக்கும் காது நன்றாகக் கேட்கும். அந்தச் சில மாதங்களை நாம் சும்மா விடக்கூடாது.

கொடுங்கையூரை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டில் எரிஉலை வேண்டாம் என்று 2025-இல் மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். அவர்களில் இந்தக் கட்சிக்காரரும் உண்டு, அந்தக் கட்சிக்காரரும் உண்டு, எந்தக் கட்சியும் பிடிக்காதவரும் உண்டு. உங்களுக்கு அலுத்துப்போன கூட்டணிப் பேச்சு எதுவும் அங்கே இல்லை. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்ற ஒரே பேச்சுதான். உங்கள் அப்பாவையும் சித்தப்பாவையும் சேர்த்து அழைத்துப்போக வேண்டிய இடம் அது.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆர்.கே. நகர்க்காரரிடம் அதைப் பேசாமல் விட முடியாது. 2017 ஏப்ரலில் நடக்க இருந்த இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில்தான் மறுபடி நடந்தது. அன்றிலிருந்து நம் பக்கத்து ஜனங்களைக் கண்டாலே துட்டுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பொறுக்காது. கொடுத்தவரை விட்டுவிட்டு வாங்கிய கிழவியைக் கேலி செய்வது சுலபம். துட்டு வாங்குவது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாக்குச்சாவடி வரிசையில் இந்த ஜனங்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. 2016, 2019, 2024 மூன்று பொதுத் தேர்தலும் அந்தத் தடைக்குள்தான் வந்தன. காசிமேட்டில் படகெல்லாம் கயிற்றோடு கட்டிக் கிடக்கும். எஞ்சின் சத்தமில்லாத காசிமேடு அபூர்வம். கடலோடிகள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். காலை ஏழு மணிக்கு வெயில் ஏறும் முன்பே பள்ளிக்கூட வாசலில் வரிசை நீண்டுவிடும். அந்த நாளில் புங்கமரம் இளந்தளிர் விட்டு வெளிர்பச்சையாக நிற்கும், அதன் நிழலில் கிழவிகளுக்கு முதலில் இடம் விடுவார்கள். உப்பில் வெடித்த விரலை நீட்டுகிறவருக்கு மை வைக்கும்போது அந்தப் பெண் அலுவலர் கொஞ்சம் அழுத்தித் தடவுவார், நகத்தின் கரடுமுரடில் மை பிடிக்க வேண்டுமே. வருமானம் நின்ற காலம் அது. ஒரு ரூபாய் வராத நாளில் வரிசையில் வந்து நிற்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வடசென்னையில் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் 54-ஐ ஒட்டித்தான் இருந்தது. நம்பிக்கை இருப்பதால்தான் வருகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அது. எனக்கு அந்தப் பிடிவாதத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

பெரிய தேர்தலைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கவுன்சிலர் தேர்தல். தெரு மரத்தை வெட்டுவதா, மழைநீர்க் கால்வாயை எந்தப் பக்கம் கொண்டுபோவது, பூங்காவில் மண் தரை இருக்கட்டுமா சிமெண்ட் கொட்டுவதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. அதைப் பற்றி இவ்வளவு டி.வி. விவாதம் கேட்கிற நாம் எத்தனை பேர் கோபப்பட்டோம்? 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது சென்னையில் பாதிப்பேர்கூட ஓட்டுப் போடவில்லை. அந்த மன்றத்தின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. கூட்டணி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்துக்காகவாவது அப்போது போய் நில்லுங்கள்.

நோட்டா போடலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போடலாம், 2013 முதல் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் நோட்டா முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். என்னால் அதில் திருப்திப்பட முடியவில்லை. எண்ணூர் ஆற்றைப் பற்றிக் கேட்டால் எந்த வேட்பாளர் முகம் சுளிக்காமல் நின்று பதில் சொல்கிறார் என்று பார்த்து அவருக்குப் போடுவேன். அவர் எந்தக் கட்சி என்று இங்கே எழுத மாட்டேன்; அதற்காகவும் யாராவது வீட்டில் சண்டை போட வேண்டாம்.

பறவை பற்றி எழுதுவதை நிறுத்த மாட்டேன். தை மாதம், பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 2025-இல் அந்த நாட்களில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் இழுவலையில் மாட்டி மூச்சுத் திணறிச் செத்தவை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஆமையோடு நிறுத்த முடியாது. கரைக்குப் பக்கத்தில் இழுவலை போடக்கூடாது என்ற விதியைக் காவல் காக்க வேண்டியவர் யார் என்பதும் வரும். அந்தப் பத்தியையும் தள்ளிவிடாமல் படியுங்கள்.

உங்கள் பெயர் விட்டுப்போனது நல்லதாகப் போகவில்லை, தம்பி. 2025 டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் விட்டுப்போயிருந்தன. சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, உங்களைப் போல வாடகை வீடு மாறியவர்கள் இதில் நிறையப் பேர். வீடு மாறுவது யார்? சொந்த வீடு இல்லாதவர்கள்தானே. கால்வாய் ஓரத்து ஜனங்களை எடுத்துப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்களே, அவர்களுக்குப் பழைய முகவரியும் போய், புதிய முகவரியில் பெயரும் ஏறாமல் இருந்தால் எந்த வேட்பாளர் அவர்களைத் தேடி வருவார்?

பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ வாங்கி நிரப்பிக் கொடுங்கள். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) யார் என்று பக்கத்து வாக்குச்சாவடிப் பள்ளியில் கேட்டால் சொல்வார்கள், ஆன்லைனிலும் போடலாம். அப்புறம், நீங்கள் வீடு மாறியபோது அம்மா, அப்பாவும் கூடத்தானே மாறினார்கள்? அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா