மீட்டு எங்கே கொண்டுபோய் விட்டார்கள்?

கேள்வி: நேபாளம் போன்ற ஏழை நாடுகளில் சிறுமிகளைக் கடத்தி வந்து இந்திய நகரங்களில் விற்கிறார்கள். போலீஸ் மீட்டாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. வறுமை ஒழிந்தால்தான் இது ஒழியுமா? என் மகள் பிறந்தநாளுக்குக் காத்மாண்டுவில் உள்ள ஓர் அனாதை இல்லத்துக்குப் பணம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். அனுப்பலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கேள்வியில் ‘மீட்டாலும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. மற்றதை அப்புறம் பார்ப்போம். முதலில் இதைப் பேசியாக வேண்டும்.

நம் வீடுகளில் மீட்பது என்றால் அடகுக் கடைக்குப் போவது. என் அம்மா தன் சங்கிலியை ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் பள்ளிக்கூடச் செலவுக்காக வைப்பார். அறுப்பு முடிந்து தை மாதம் மீட்பார். கடைக்காரர் ரசீதைச் சரிபார்த்து, சின்னத் துணிப்பையிலிருந்து சங்கிலியை எடுத்துத் தராசில் போட்டுக் காட்டுவார். அம்மா கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் போட்டுக்கொண்டுதான் படி இறங்குவார். சங்கிலி கழுத்துக்கு வந்தால்தான் மீட்பு. பெட்டியிலிருந்து எடுத்து வேறொரு பெட்டிக்குள் வைத்தால் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. ஒரு வருடம் வட்டி கட்ட முடியவில்லை, மூழ்கிவிட்டது. அம்மா அதன்பிறகு அந்தத் தெரு வழியாகவே போகமாட்டார்.

இதை உவமைக்காகச் சொல்லவில்லை. நேபாளச் சிறுமிகளை வைத்து நடந்த வியாபாரமே அடகு வியாபாரம்தான். மும்பையின் பாலியல் தொழில் விடுதிகளில் இருந்த நேபாளப் பெண்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 1995-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தரகனிடம் விடுதிக்காரி கொடுத்த விலை, அப்படியே அந்தப் பெண்ணின் தலையில் கடனாக ஏறும். அதன்மேல் வட்டி. சாப்பாடு, துணிமணி, மருந்துச் செலவு எல்லாம் அதே கணக்கில் சேரும். தன்னை விற்ற பணத்தைத் தானே அடைக்க வேண்டும். கடன் எவ்வளவு பாக்கி என்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. என் அம்மாவிடமாவது ஒரு ரசீது இருந்தது.

சரி, போலீஸ் மீட்டது என்கிறீர்களே, அதைப் பார்ப்போம். 1996 பிப்ரவரியில் மும்பையில் பெரிய சோதனை நடந்தது. கிட்டத்தட்ட 500 பெண்களை விடுதிகளிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். 200 பேருக்கு மேல் நேபாளிகள், பலர் சிறுமிகள். பத்திரிகைகளில் அது பெரிய செய்தி. பிறகு நேபாள அரசிடம் ‘உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொள்ளுங்கள்’ என்றபோது, அது முன்வரவில்லை. இவர்கள் நேபாளிகள்தான் என்பதற்குக் காகிதம் இல்லையாம். இவர்கள் வந்தால் எய்ட்ஸ் வந்துவிடும் என்று அங்கே பேச்சு. மாதக்கணக்கில் அந்தப் பெண்கள் மும்பைக் காப்பகங்களில் பூட்டுக்குள் கிடந்தார்கள். விடுதியில் பூட்டு, காப்பகத்திலும் பூட்டு. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, நேபாளத்துத் தொண்டு நிறுவனங்கள் சில சேர்ந்து தங்கள் பொறுப்பில் 128 பேரை ஊருக்குக் கொண்டுபோயின. அரசு கூட்டிப் போகவில்லை.

காகிதம் எங்கிருந்து வரும்? நேபாளத்தில் அன்று குடியுரிமை அப்பன் வழியாக வரும், கல்யாணமானவளுக்குக் கணவன் வழியாகவும் வரும். சிந்துபால்சோக் என்ற நேபாள மலை மாவட்டத்தில் பிறந்த பதினைந்து வயதுப் பெண் குடியுரிமைச் சான்றிதழை எங்கே போய் வாங்கியிருப்பாள்? அப்பனோ சித்தப்பனோ தரகனோடு சேர்ந்து அனுப்பியிருந்தால், அவனிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, பழைய வாசகர்களுக்குத் தெரியும். இளம் வயதில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். ஓர் இரவு செய்தி வந்தது. தலைப்பு: ‘வெளிமாநில அழகிகள் 6 பேர் மீட்பு’. உள்ளே படித்தால் ஒருத்திக்கு 14 வயது. ‘அழகி’யை எடுத்துவிட்டுச் ‘சிறுமி’ என்று போட்டேன். தலைமை மேசையில் மறுபடி மாற்றினார்கள். ‘சிறுமி என்றால் யார் படிப்பான்?’ என்று கேட்டார்கள். அதே செய்தியில் அவளைச் சீரழித்தவன் ‘உல்லாசமாக இருந்தான்’. பதினான்கு வயதுக் குழந்தையோடு ஒருவன் உல்லாசமாக இருக்க முடியாது. சட்டம் 2012-ன் போக்சோவிலிருந்து தெளிவாகவே சொல்கிறது: பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. நம் செய்தித்தாள் தமிழ் மட்டும் இன்னும் உல்லாசத்திலேயே இருக்கிறது. முப்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனியும் சொல்வேன். அவளுக்கு ‘அழகி’ என்று பெயர் வைத்தால், காசு கொடுத்து வந்தவன் மேல் யாருக்கும் கோபம் வராது.

அதனால்தான் வறுமையைப் பற்றிய உங்கள் கேள்வியை நான் இரண்டாவதாக வைத்தேன். வறுமை காரணம்தான், மறுக்கவில்லை. சிந்துபால்சோக்கும் நுவாகோட்டும் ஏழை மலைகள். ஆனால் ஏழை மலை எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் கடத்தப்படவில்லை. அங்கே வாழும் தமாங் மக்களை, நேபாளத்தைப் பரம்பரையாக ஆண்ட ராணாக்கள் தங்கள் ஆட்சியில் அரண்மனை வேலைக்கான ஆட்களாகவே வைத்திருந்தார்கள். பெண்களை அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். 1951-ல் ராணாக்கள் போனார்கள், அந்தப் பாதை போகவில்லை. பாதையின் மறுமுனையில் காசோடு நிற்பவன் ஏழை இல்லை. மும்பையில் நின்றவர்கள் நம் நாட்டுக்காரர்கள். நேபாளத்தின் வறுமை ஒழிந்தால் இது ஒழியும் என்று சொல்லும்போது, நாம் அவர்களை விட்டுவிடுகிறோம்.

இப்போது 128 பேருக்கு வருகிறேன். அவர்களில் சரிமாயா தமாங் ஒருவர். 16 வயதில் கடத்தப்பட்டு, 22 மாதம் மும்பை விடுதியில் அடைபட்டிருந்தவர். ஊர் திரும்பியதும் ஊரே ஒதுக்கியது. அவர் மாவட்டப் போலீசுக்குப் போய், தன்னை விற்றவர்கள் மேல் தன் பெயரிலேயே வழக்குக் கொடுத்தார். நேபாளத்தில் அப்படி நேரில் போய்க் கொடுத்த முதல் பெண் அவர்தான். 1997-ல் எட்டுப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. அவரும் அவரோடு திரும்பிய பெண்களும் சேர்ந்து ‘சக்தி சமூஹா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கடத்தப்பட்டு மீண்ட பெண்களே நடத்தும் அமைப்பு. அதைப் பதிவுசெய்யப் போனால் மறுபடி அதே காகிதம்: குடியுரிமைச் சான்று எங்கே? 2000-த்தில்தான் பதிவானது. 2013-ல் மகசேசே விருது வாங்கியது. மீட்பு என்ற சொல்லை நான் அவர்களுக்குத்தான் கொடுப்பேன். தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டவர்கள்.

இன்னொரு சொல்லும் சொல்லிவிடுகிறேன், நேபாளி மொழியில் ‘மைத்தி’. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீடு. நம் ‘தாய்வீடு’. அனுராதா கொய்ராலா என்ற ஆசிரியை 1993-ல் தொடங்கிய அமைப்புக்கு ‘மைத்தி நேபாள்’ என்று பெயர் வைத்தார். திரும்பி வந்தவளுக்குக் கதவைத் திறக்கும் வீடு என்று பொருள். அந்த அமைப்பின் பெண்கள் எல்லையில் காவல் நிற்கிறார்கள். இந்திய நேபாள எல்லை 1,700 கிலோமீட்டருக்கு மேல். 1950-ம் வருட ஒப்பந்தத்தால் இரு நாட்டு மக்களுக்கும் விசா தேவையில்லை. நேபாளத்துப் பீர்கஞ்சிலிருந்து நம் பக்கத்து ரக்சௌலுக்கு ரிக்‌ஷாவில் போய்விடலாம். அந்தக் கூட்டத்தில், புதுத் துணி உடுத்திய ஒரு சிறுமியும் அவளோடு ஓர் இளைஞனும் வந்தால் நிறுத்துவார்கள். இருவரையும் தனித்தனியே அழைத்துப் போய்க் கேட்பார்கள். இவன் யார்? முழுப் பெயர் என்ன? எங்கே போகிறீர்கள்? அவள் ‘என் வீட்டுக்காரர்’ என்பாள், அவன் ‘என் தங்கை’ என்பான். அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துவிடுவார்கள். அப்படிக் காவல் நிற்பவர்களில் கடத்தப்பட்டுத் திரும்பியவர்களும் உண்டு. தரகன் எப்படிப் பேசுவான் என்பது அவர்களுக்குப் படிக்காமலே தெரியும்.

கடைசியாக அனாதை இல்லம். அவசரப்பட்டு அனுப்பாதீர்கள், அம்மா. நேபாள இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் குறைந்தது 85 சதவீதம் பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யூனிசெஃப் சொன்னது. உள்நாட்டுப் போர் நடந்த 1996–2006 காலத்தில், ஹும்லா போன்ற தொலைவான மலை மாவட்டங்களில் தரகர்கள் ‘காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம்’ என்று பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். காத்மாண்டு இல்லங்களில் அனாதை என்று எழுதிக்கொண்டார்கள். பிள்ளை மெலிந்திருந்தால் வெளிநாட்டுக்காரர் மனம் இளகும் என்று பட்டினி போட்ட இல்லங்களும் இருந்தன. அந்தப் பிள்ளைகளைத் தங்கள் கையில் வைத்திருப்பவர்கள் யார், ராத்திரி யார் வந்து போகிறார்கள் என்று பார்க்க ஊரில் அப்பா அம்மாவுக்கு வழியில்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு இது பெருகும் என்று பயந்து, பெற்றோரோ அனுமதி பெற்ற காப்பாளரோ இல்லாமல் பிள்ளைகள் மாவட்டம் தாண்டக் கூடாது என்று அரசே தடை போட்டது.

உங்கள் மனசு நல்லது, பணத்தையும் உங்கள் மகள் பெயரையும் சரியான இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த இல்லத்துக்கு முதலில் ஒரு கடிதம் போடுங்கள். உங்களிடம் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள்? கடந்த வருடம் எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள்? பார்க்க வரும் வெளியாட்களைப் பிள்ளைகளோடு தனியாக விடுவீர்களா? அவர்கள் ‘யாருக்கும் பெற்றோர் இல்லை, நீங்களே வந்து தங்கிப் பாருங்கள்’ என்று எழுதினால், பணத்தை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துப் பள்ளிக்கட்டணம் தரும் அமைப்பு எது என்று நானும் விசாரிக்கிறேன். பதில் வந்ததும் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.