நாலு நம்பரும் செம்பனைக் குலையும்: புள்ளியியலை எங்கே தொடங்குவது?

கேள்வி: ஐயா, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், லோரி நிறுக்கும் இடத்தில் கிராணியாக இருக்கிறேன். வயது 25. தொலைதூரக் கல்வியில் டிகிரி சேர்ந்திருக்கிறேன். முதல் செமஸ்டரிலேயே புள்ளியியல் கட்டாயப் பாடம். எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதி எட்டு வருஷமாகிவிட்டது. கூடுதல் கணிதம் எடுக்கவில்லை. இங்கே டியூஷன் சொல்லித்தர ஆளில்லை. இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். சொந்தமாகப் படித்துத் தேற முடியுமா?

பதில்: முடியும் தம்பி. அறிமுகப் பாடத்துக்கு நுண்கணிதம் வேண்டாம். பின்னம், சதவீதம், வர்க்கமூலம், சூத்திரத்தில் எண்ணைப் போட்டுப் பார்ப்பது, இவ்வளவு கைக்குப் பழகியிருந்தால் போதும்.

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு 50 காசை நூறு தடவை சுண்டி, விழுவதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். சரியாக ஐம்பதுக்கு ஐம்பது வர வாய்ப்பு ஏறக்குறைய 8 சதவீதம்தான். 40க்கும் 60க்கும் நடுவில் வருவது சகஜம். ஒரே பக்கம் ஐந்து தடவை தொடர்ந்து விழுவதையும் அநேகமாகப் பார்த்துவிடுவீர்கள். தற்செயல் எப்படி ஆடும் என்று கை கண்டுகொண்டால், பின்னால் வரும் பாதிப் பாடம் பழகிய முகமாகத் தெரியும்.

அடுத்து, நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நாலு நம்பர் லாட்டரி. (எடுக்கச் சொல்லவில்லை, கணக்குப் போடத்தான்.) 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள்; ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. ‘பிக்’ வகையில் ஒரு ரிங்கிட்டுக்கு வழக்கமான பரிசு 2,500, 1,000, 500 ரிங்கிட். பிறகு பத்து எண்களுக்குத் தலா 180, இன்னும் பத்து எண்களுக்குத் தலா 60. கூட்டினால் 6,400. எல்லா எண்ணையும் ஒருவரே எடுத்தாலும் 10,000 போட்டு 6,400தான் திரும்பும். ரிங்கிட்டுக்கு 64 காசு. பாடத்தில் ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ என்று வருவது இதுதான்.

ஒரே நம்பரை விடாமல் எடுத்தால் ஒரு நாள் முதல் பரிசு விழாமலா போகும் என்பார்கள். வாரத்துக்கு மூன்று குலுக்கல் என்றால் 10,000 குலுக்கலுக்கு 64 வருஷம். அத்தனை வருஷம் எடுத்தும் முதல் பரிசு ஒரு தடவைகூட விழாமலிருக்க வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம். 0.9999ஐ 10,000 தடவை பெருக்கினால் வருவது அது. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். போன வாரம் என்ன விழுந்தது என்று இந்த வாரப் பந்துக்குத் தெரியாது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று தெரிந்திருக்கும்போது இன்னொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது. இங்கே சூத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் குலையை எண்ணுங்கள். ஒரு லோரியில் 100 குலை, அதில் 10 காய் என்று வைத்துக்கொள்வோம். கிரேடர் (குலையைத் தரம் பிரிப்பவர்) கெட்டிக்காரர், காயோ பழமோ, பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்வார். 10 காயில் 9ஐப் பிடித்துவிடுவார். ஆனால் 90 பழத்தில் 9ஐயும் காய் என்று ஒதுக்கிவிடுவார். ஒதுக்கிய 18 குலையில் உண்மையான காய் 9, சரிபாதி! ‘காயாக இருந்தால் அவர் ஒதுக்க வாய்ப்பு’ 90 சதவீதம். ‘அவர் ஒதுக்கியது காயாக இருக்க வாய்ப்பு’ 50 சதவீதம். கேள்வித்தாளில் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். எதைத் தெரிந்ததாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் அடிக்கோடு போடுங்கள்.

திட்ட விலக்கத்தையும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கால்குலேட்டரை நம்பாமல் ஒரு தடவை கையால் போடுங்கள். ஏழு குலை: 12, 14, 15, 16, 17, 18, 34 கிலோ. சராசரி 18, இடைநிலை (வரிசையில் நடுவில் நிற்பது) 16. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று எழுதி வர்க்கமாக்கிக் கூட்டினால் 322. அதில் 256 அந்த 34 கிலோ குலை ஒன்றே கொண்டுவந்தது. 322ஐ ஆறால் வகுத்து (ஏன் ஆறு என்று அடுத்துச் சொல்கிறேன்) வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 7.3. அந்த 34 கிலோ குலையை எடுத்துவிட்டு மற்ற ஆறுக்கும் இதே மாதிரி (இப்போது ஐந்தால் வகுத்து) போட்டால் அது 2.2க்கு இறங்கிவிடும்.

இதில் ஒரு பொறி. எஸ்.பி.எம்.மில் 322ஐ ஏழால் வகுக்கச் சொல்லியிருப்பார்கள். இப்போது மாதிரியிலிருந்து கணக்கிடும்போது ஆறால் வகுப்பீர்கள். விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம் வரும் என்பதால் ஆறு தெரிந்தால் ஏழாவது தானாகத் தெரிந்துவிடும். சுதந்திரமாக இருப்பவை ஆறுதான். கால்குலேட்டரில் இரண்டுக்கும் தனித்தனித் தெரிவு உண்டு. அதை மாற்றி அழுத்தி மதிப்பெண் இழந்தவர்கள் நிறையப் பேர்.

மொழிக்கு ஒரு தனி நோட்டு வையுங்கள்; மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பத்தி. பள்ளியில் ‘மின்’ என்று படித்த சராசரி இப்போது ‘மீன்’ ஆகிவிடும். ‘சிசிஹான் பியாவாய்’ திட்ட விலக்கம், ‘கெபாரங்காலியான்’ நிகழ்தகவு. சார்பற்ற நிகழ்ச்சிகளையும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு குலை காய் என்று தெரிந்த உடனே அது பழமாக இருக்க வழியில்லை. ஒன்று மற்றதை இப்படிக் கட்டிப்போடுகிறது என்றால் அவை சார்பற்றவை ஆகாது.

வரிசைமாற்றம், சேர்மானம் இரண்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காதீர்கள். ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல், மாதிரியெடுத்தல், கருதுகோள் சோதனை என்று நகருங்கள். உங்கள் தேர்வில் அதிக மதிப்பெண் அநேகமாகக் கடைசி இரண்டில்தான் இருக்கும். அங்கே வரும் டி-சோதனையை 1908இல் எழுதியவர் கோசெட், டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலை ஊழியர். கம்பெனி சொந்தப் பெயரில் வெளியிட விடாததால் ‘ஸ்டூடன்ட்’ என்று கையெழுத்திட்டார். கையில் இருக்கும் நாலைந்து மாதிரியை வைத்து எவ்வளவு துணிந்து சொல்லலாம் என்பது அவருடைய தலைவலி. ஆலையில் இருக்கும் உங்களுக்கு அது புரியும்.

கணினிக்கு எக்செல் போதும், அதையும் இரண்டாம் மாதம் தொடங்குங்கள். மேலாளரிடம் கேட்டு, லோரி நம்பரை அழித்துவிட்டு, ஒரு மாத எடைக் கணக்கை வாங்கி வையுங்கள். புத்தகத்துப் பயிற்சி சலிக்கும் இரவுகளில் அதைப் போட்டுப் பார்க்கலாம். கான் அகாடமியில் புள்ளியியல் காணொளிகள் இலவசம். ஒரு காணொளிக்கு நாலு கணக்காவது கையால் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.