தரம் 5 பிள்ளை இன்ரவெலுக்குப் பிறகு மேசையில தலைய வச்சுப் படுக்கிறது: பதில்

காது குறைவாக் கேக்கிற உங்கட தரம் 5 பிள்ளை இன்ரவெலுக்குப் பிறகு மேசையில தலைய வச்சுப் படுக்கிறது பிடிவாதமோ எண்டு கேட்டிருந்தீங்கள். அது பிடிவாதமா இருக்காது ரீச்சர், பிள்ளையை ஏசாதேங்கோ. பெரும்பாலும் கேட்டுக் கேட்டு வாற களைப்பு. ஹியரிங் எய்ட் போட்டிருந்தாலும் சொண்டைப் பாத்து, தவறின சொல்லை ஊகிச்சு, ஃபான் சத்தம் பக்கத்து வகுப்புச் சத்தம் எல்லாத்துக்கையும் உங்கட குரலைப் பிடிக்கோணும், பத்தரைக்கே பிள்ளை களைச்சுப்போகும், அதோட இன்ரவெல்ல மற்றப் பெட்டையள் கூட்டமாக் கதைக்கேக்க ஒண்டும் பிடிபடாமத் தனிச்சு நிண்டிட்டு வாறது, அதுதான் கூட நோகும்.

முதல்ல ஹியரிங் எய்ட் மெசின் வேலை செய்யுதோ எண்டு பாருங்கோ. காலமையும் இன்ரவெல் முடியவும் வாயை மறைச்சுக்கொண்டு ம், ஆ, ஊ, ஈ, ஷ், ஸ் எண்டு 6 சத்தத்தையும் ஒழுங்கு மாத்திச் சொல்லுங்கோ, பிள்ளை திருப்பிச் சொல்லோணும். காலமை சொன்னதைப் பிறகு சொல்லாட்டி பற்றரி இறங்கியிருக்கலாம், இல்லாட்டிக் காதுக் குறும்பி (காதழுக்கு) அடைச்சிருக்கலாம்.

அது சரியெண்டா பாரமான பாடத்தைக் காலமைக்கு மாத்திப் பாருங்கோ, இடைக்கிடை பத்து நிமிசம் கேக்கத் தேவையில்லாத வேலை குடுங்கோ, கீறுறது எழுதுறது மாதிரி. "விளங்கினதோ" எண்டு கேட்டா ஓமெண்டு தலையாட்டிவிடும், "நான் இப்ப என்ன சொன்னனான்" எண்டு தனியக் கேளுங்கோ.

ஆனா லீவு நாளிலயும் வீட்டில இப்பிடியெண்டா, சாப்பாடு நித்திரை குறைஞ்சா, களைப்பெண்டு விட்டிடாதேங்கோ. ஆரும் பகிடி பண்ணுகினமோ தெரியாது. தாயோட கதைச்சு வைத்தியரிட்டக் காட்டச் சொல்லுங்கோ. காது கேளாத பிள்ளையள் படிக்கிற கைதடி நஃபீல்ட் பாடசாலை ரீச்சர்மாரிட்டயும் கேக்கலாம், இப்பிடிப் பிள்ளையளோட பழகினவை.