14 காரணங்களும் ஒரு ரயில் பாதையும்

கேள்வி: டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் தங்கி, வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்து யூபிஎஸ்சி மெயின்ஸைத் தமிழில் எழுதப்போகிறேன். ரஷ்ய உள்நாட்டுப் போரில் லெனினின் போல்ஷெவிக் கட்சியின் செம்படை ஏன் வென்றது என்பதற்கு, விலைக்கு வாங்கிய நோட்ஸில் 14 காரணங்கள் இருக்கின்றன. எதை எழுத, எதை விட?

பதில்: அந்த நோட்ஸ் எனக்கும் பழக்கம்தான் தம்பி. முதல் காரணம் 'லெனினின் தலைமை', ஒன்பதாவது 'லெனினின் தொலைநோக்கு'. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு, 'டாப்பர் நோட்ஸ்' என்று அட்டை ஒட்டிவிட்டால் விலை மூன்று மடங்கு. நடுவில் ஒரு 'அண்ணன்' கமிஷன் வாங்கியிருப்பார்.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். 1919 அக்டோபரில், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படையின் தளபதி தெனிகினின் படை தெற்கிலிருந்து மாஸ்கோவை நோக்கி ஓரியோல் வரை வந்துவிட்டது. அடுத்தது துலா, ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். அதே சமயம் மற்ற வெண்படைத் தலைவர்களில் கோல்சாக் சைபீரியாவில், யுதேனிச் எஸ்தோனியா பக்கம். இவர் திணறினால் அவர் ஓடிவர முடியாது. மாஸ்கோவும் அங்கே வந்து கூடும் ரயில் பாதைகளும் போல்ஷெவிக்குகள் கையில். ஒரு முனை தணிந்ததும் படையை ரயிலேற்றி இன்னொரு முனைக்கு அனுப்பினார்கள். பாதி விடை இதுதான்.

மீதிப் பாதி நிலம். தயவுசெய்து 'மக்கள் ஆதரவு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். தானியத்தைப் பிடுங்கிய போல்ஷெவிக்கை விவசாயிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெண்படை ஜெயித்தால் பழைய பண்ணையார் திரும்பி வருவாரே! அந்தப் பயம் பெரிது. 1920 நவம்பரில் தெனிகினுக்குப் பின் வந்த வெண்படைத் தளபதி விராங்கெல் கிரிமியாவிலிருந்து கப்பலேறிய பிறகு அந்தப் பயமும் போனது. உடனே போல்ஷெவிக்குகளுக்கு எதிராகத் தம்போவ் விவசாயிகளின் கிளர்ச்சி வலுத்தது, 1921 மார்ச்சில் குரோன்ஷ்டாட் கடற்படைத் தளத்தில் மாலுமிகளின் கிளர்ச்சி வெடித்தது.

'அப்போ ரயில் யாரிடமோ அவர்தான் ஜெயிப்பாரா?' சீன உள்நாட்டுப் போரில் அது பலிக்கவில்லை. வடகிழக்கே மஞ்சூரியாவில் நகரங்கள் ஆளும் தேசியக் கட்சியான கோமிண்டாங்கிடம், சுற்றியுள்ள கிராமங்கள் கம்யூனிஸ்டுகளிடம். சாங்சுன், ஷென்யாங் போன்ற ஊர்களில் பட்டாளம் நிறைய. சோறு வர வழியில்லை. 1948 அக்டோபரில் ஜின்சோ விழுந்ததும் தெற்கே போகும் பாதை அடைபட்டது, மஞ்சூரியாவே கைவிட்டுப் போனது. தண்டவாளம் இருந்தால் போதாது, அதன் இருபுறமும் உள்ள ஊர்கள் உங்களைப் போகவிட வேண்டும். அடுத்த போரான ஹுவாய்ஹாயில் கம்யூனிஸ்ட் படைக்குத் தானியம் போனது விவசாயிகள் தள்ளிய ஒற்றைச் சக்கர வண்டிகளில். இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. விடையைத் தமிழில் எழுதலாம் என்பார்கள். வரலாற்றுக் கேள்வித்தாள் வருவதோ ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழிலும் வேண்டும் என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறோம்! அதனால் வெண்படை, போர்க்காலக் கம்யூனிசம், தானியப் பறிமுதல் என்று உங்கள் சொற்களை ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே எழுதி, இன்றைக்கே சுவரில் ஒட்டுங்கள்.