மருத்துவர் பதில்: குளிரில் ஏன் வியர்க்கிறது?

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நான்ஸ்டிக் தவா, பிளாஸ்டிக் டப்பா, கடைக் காய்கறி என்று எழுதி, இதனாலெல்லாம் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் கடைசிப் பத்தியைத்தான். கேரட்டுக்கு மருந்து அடித்துவிட்டு வரும் நாளெல்லாம் கணவருக்குத் தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறல். மார்கழிக் குளிரிலும் பனியன் நனைய வியர்வை. கண் இமை துடிப்பதை நல்ல சகுனம் என்கிறார் மாமியார். கணவர் ஒரு தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்.

அது சகுனம் இல்லை அம்மா. பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுகிறேன்.

நரம்பு அனுப்பும் கட்டளை முடிந்ததும் அதை அணைக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. பெயர் கோலினெஸ்டரேஸ். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் சுரப்பி சுரந்துகொண்டே இருக்கும், தசை துடித்துக்கொண்டே இருக்கும். விஷத்தைக் குடித்திருக்க வேண்டும் என்றில்லை, நனைந்த சட்டை வழியாகத் தோலுக்குள் இறங்கினாலே போதும். குறைந்த நொதி பழைய அளவுக்கு வரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் மறுபடி அடித்தால், போன தடவை தாங்கிய அதே அளவு இந்தத் தடவை ஆளைச் சாய்த்துவிடலாம்.

அதனால் நாளைக்கே அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மருந்துப் புட்டியின் லேபிளும் கையில் இருக்கட்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் ஸ்பிரேயரைத் தொடவே கூடாது. தலைவலி மாத்திரை விஷத்தை முறிக்காது, உடம்பு காட்டும் எச்சரிக்கையை மறைக்கத்தான் செய்யும்.

மூச்சு இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினாலோ, உடனே 108. மலைப்பாதையில் வண்டி வந்து சேரவே நேரம் எடுக்கும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதுவரை நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு அவர் உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். மோர், பால், உப்புத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். இப்படி வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். விஷம் அவர்களிடம் தவா வழியாக வருவதைவிட அப்பாவின் சட்டை வழியாக வர வாய்ப்பு அதிகம். குளிருக்குப் பயந்து கை, முகம் மட்டும் கழுவிக்கொண்டு, அதே உடுப்போடு பிள்ளையை மடியில் வைத்து அடுப்பருகே உட்காருவது நம் மலையில் சாதாரணம். இனி அவர் மருந்து அடிக்கும் நாளில் வெந்நீர் முன்னாலேயே காயட்டும், குளித்த பிறகு பிள்ளையைத் தூக்கட்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை பாதுகாப்பு இல்லை, நனைந்தால் விஷத்தை மூக்கோடு சேர்த்தே பிடித்து வைக்கும். காற்று முகத்துக்கு எதிரே அடித்தால் அன்று வேலையை நிறுத்திவிட வேண்டும். லேபிள் முக்கோணத்தில் சிவப்போ மஞ்சளோ இருந்தால் அது கொடிய விஷம், வேறு வழி உண்டா என்று தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேளுங்கள். காலிப் புட்டியில் மண்ணெண்ணெய்கூட ஊற்றி வைக்காதீர்கள்.

மற்றவை சின்ன விஷயம். தவாவில் பூச்சு உரிந்தால் மாற்றுங்கள், காலியாகக் காயவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் சூடாக எதையும் போடாதீர்கள். காய்கறியை ஓடும் தண்ணீரில் கழுவி, முட்டைக்கோஸின் வெளி இலையைக் கழித்துவிட்டுத் தைரியமாகச் சமையுங்கள். வீடியோ பார்த்துப் பயந்து பிள்ளைகளுக்குக் காய்கறியை நிறுத்தியதுதான் எனக்குக் கோபம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 'நச்சு நீக்கும்' பொடியை இன்றே தூக்கி எறியுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பரிசோதனை முடிவு வந்ததும், லேபிளில் உள்ள பெயரோடு எனக்கு எழுதுங்கள்.